வெள்ளணு இயல்புக்கு வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு 43 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது பக்க வயிறு கனத்து, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. ரத்தம் சோதித்தபோது வெள்ளணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஈப்போவில் கொடுத்த இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் ஒன்று சாப்பிட்டு வந்தார். சில மாதங்களிலேயே எண்ணிக்கை இயல்புக்கு வந்துவிட்டது. கடைசிச் சோதனைத் தாளில் 0.06 என்று இருக்கிறது. ஆனால் கண்ணைச் சுற்றி வீங்கி, நிறம் வெளுத்துவிட்டார். கோயிலில் பார்க்கிறவர்கள் மருந்து ரத்தத்தை உறிஞ்சுகிறது என்கிறார்கள். நோய் போய்விட்டதே, இனி பெலாலாய் காஜா இலைச் சாறு குடித்தால் போதும் என்பது மாமாவின் முடிவு. இந்தத் தைப்பூச விரதத்தில் இவரும் பத்துப் பன்னிரண்டு நாள் மாத்திரையை விட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். நிறுத்தலாமா? இந்த நோய் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: அன்புச் சகோதரி, நிறுத்தக் கூடாது. விட்ட மாத்திரையை அவர் இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்று இரவுச் சாப்பாட்டோடு தொடங்கச் சொல்லுங்கள். விட்டுப்போன நாள்களுக்கு ஈடு செய்வதாக நினைத்து இரண்டு மாத்திரை போடக் கூடாது, வழக்கம்போல் ஒன்றுதான். நாளைக் காலையில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை நாள் விடுபட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த சோதனையை முன்னதாகச் செய்ய வேண்டுமா என்பதை அவர்கள் முடிவு செய்ய, அந்தத் தகவல் தேவை.

இதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால், மாமா கேட்கப்போகும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று கேட்பார். நியாயமான கேள்விதான். மருந்தாளராக இருக்கிற நான் இதே கேள்வியைப் பல குடும்பங்களிடமிருந்து கேட்கிறேன். எனவே இந்த நோய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் உடம்பின் அணுக்கள் தாமாகப் பெருகுவதில்லை. பெருகு, நிறுத்து, முதிர்ந்துகொள், செத்துப்போ என்று ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அணுவின் மேற்புறத்தில் இருக்கும் ஏற்பிப் புரதம் அந்த உத்தரவை வாங்கி, உள்ளே இருக்கும் இன்னொரு புரதத்திடம் கொடுக்கும். அது அடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் அது மரபணுக்கள் இருக்கும் உட்கருவைச் சென்றடையும். இப்படிச் செய்தி கடத்தும் புரதங்களில் கைனேஸ் என்று ஒரு வகை உண்டு. ஏ.டி.பி. என்னும் சிறு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுவது அதன் வேலை. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வடிவம் மாறுகிறது, வேலை தொடங்குகிறது. பாஸ்பேட்டைக் கழற்றும் புரதங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒட்டுவதும் கழற்றுவதும் சமமாக நடக்கும்வரை உடம்பு ஒழுங்காக இருக்கிறது.

தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிப்பது மாமாவுக்கு நன்றாக நினைவிருக்கும். மணி அடித்தால் ஆட்கள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அடிக்கிறவர் உத்தரவு வந்தால்தான் அடிப்பார். அந்தக் கை யாரும் சொல்லாமலேயே இரவும் பகலும் மணியை அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகுமோ, உங்கள் கணவரின் எலும்பு மஜ்ஜையில் அதுதான் ஆனது.

அந்தக் கையின் பெயர் ஏ.பி.எல். நம் எல்லோரிடமும் இருக்கும் ஒரு கைனேஸ். அதற்கான மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இயல்பான ஏ.பி.எல். புரதத்தின் முன்முனையில் ஒரு சிறிய கொழுப்பு வால் உண்டு. அந்த வால் வளைந்து, புரதத்தின் உடலிலேயே இருக்கும் ஒரு குழிக்குள் செருகிக்கொள்ளும். அப்படிச் செருகியிருக்கும்வரை புரதம் மடங்கி, சும்மா இருக்கும். உத்தரவு வந்தால் மட்டும் விரியும். தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் இப்படிப்பட்ட புரதங்கள் உடம்பில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சி.எம்.எல். நோயில், மஜ்ஜையில் இருக்கும் ஒரே ஒரு மூல அணுவில் 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஏ.பி.எல். மரபணு போய் பி.சி.ஆர். என்ற வேறொரு மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் கலப்புப் புரதத்தில், பூட்டுகிற அந்த வால் இல்லை. வால் இருந்த இடத்தில் பி.சி.ஆர். துண்டு இருக்கிறது. அந்தத் துண்டோ தன்னைப் போன்றவற்றைத் தேடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நான்கு நான்காகச் சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஒட்டி, ஒன்றையொன்று விழிக்க வைத்துக்கொண்டே இருக்கின்றன. பெருகு என்ற செய்தி ஓயாமல் போகிறது. செத்துப்போ என்ற செய்தி அடைபடுகிறது. முதிராத அணுக்கள் மஜ்ஜையை விட்டு ரத்தத்துக்குள் வருகின்றன. மைக்ரோலிட்டருக்கு 11,000-க்குள் இருக்க வேண்டிய வெள்ளணு ஒன்றரை லட்சம் ஆனது இப்படித்தான். இடது வயிற்றில் கனம் தெரிந்தது, அந்த அணுக்களால் வீங்கிப்போன மண்ணீரல்.

கவனியுங்கள், வெள்ளணு கூடியது இந்த நோயின் விளைவு. நோயின் வேர் அந்த ஒரு புரதம்.

இதைக் கண்டுபிடித்து, அடக்கும் மருந்தையும் உருவாக்க அறிவியலுக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி, அது இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியதால் வந்தது என்று காட்டினார். பிறகு கலப்புப் புரதம் தெரியவந்தது. பிரையன் டிரக்கர், நிக்கோலஸ் லைடன், சார்ல்ஸ் சாயர்ஸ் போன்றவர்களின் உழைப்பால் அதை அடக்கும் மருந்து உருவாகி, 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை கிடைக்காத பலருக்கு இது சில ஆண்டுகளில் முற்றி, உயிரைக் கொண்டுபோகும் நோயாக இருந்தது. இமாட்டினிப் பெற்றவர்களை நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்து 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். அந்த நாள் நோயாளிகளுக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கணவரின் கையில் இருக்கிறது. அதனால்தான் பன்னிரண்டு நாள் விட்டுவிட்டார் என்று படித்தபோது எனக்கு மனம் பதறியது.

இமாட்டினிப் செய்வது இதுதான்: கைனேஸில் ஏ.டி.பி. வந்து உட்கார வேண்டிய குழிக்குள் போய், முன்னதாக உட்கார்ந்துகொள்கிறது. ஏ.டி.பி. இல்லாவிட்டால் ஒட்டுவதற்குப் பாஸ்பேட் இல்லை, செய்தி நின்றுபோகிறது. நோயணுக்களில் பெரும்பாலானவை பெருக முடியாமல் மடிகின்றன, நல்ல அணுக்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன, ரத்த எண்ணிக்கை இயல்பாகிறது. ஆனால் மருந்து அந்தப் புரதத்தை அழிப்பதில்லை, தடுத்து வைத்திருக்கிறது. மேலும், மஜ்ஜையின் ஆழத்தில் தூங்குவது போல் இருக்கும் நோய் மூல அணுக்கள் சில, உயிரோடு இருக்க இந்தப் புரதத்தை நம்பியிருக்கவில்லை. செய்தி நின்றாலும் அவை சாவதில்லை, காத்திருக்கின்றன.

மருந்து உடம்பில் தங்குவதும் கொஞ்ச நேரம்தான். ஏறக்குறைய 18 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நாலைந்து நாளில் பெயருக்குத்தான் மிஞ்சும். ஆகவே அந்தப் பன்னிரண்டு நாளில் ஏறக்குறைய ஒரு வாரம் உங்கள் கணவர் மருந்தின் காவலே இல்லாமல் இருந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. நோயணுக்கள் பத்து மடங்கு, நூறு மடங்கு கூடினாலும்கூட ஆரம்பத்தில் உடம்பில் எதுவும் தெரியாது. களைப்பு, இளைப்பு, வயிற்றுக் கனம் எல்லாம் வெகு தாமதமாகத்தான் வரும்.

0.06 என்பதற்கு வருகிறேன். அது ரத்த எண்ணிக்கைச் சோதனையில் வருவது இல்லை. பி.சி.ஆர். என்னும் மூலக்கூறு சோதனையில், கலப்பு மரபணுவின் செய்தி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது. (மரபணு ஒன்றுக்கும் இதே பெயர் என்பதால் குழம்ப வேண்டாம், இரண்டும் வேறு.) சிகிச்சை தொடங்குமுன் இருக்கும் பொது அளவை 100 என்று வைத்தால், மூன்று மாதத்தில் 10-க்குள்ளும், ஆறு மாதத்தில் 1-க்குள்ளும், ஒரு வருடத்தில் 0.1-க்குள்ளும் இறங்கினால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். உங்கள் கணவர் 0.06-இல் இருக்கிறார். மிக நல்ல இடம். மகிழ்ச்சியோடு இருங்கள். ஆனாலும் நோய் இருந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதே கோடிக்கணக்கான அணுக்களாக இருக்கக்கூடும். வழக்கமான ரத்தச் சோதனை அவற்றைக் காண முடியாது. மாமா நம்பும் ரத்த எண்ணிக்கைத் தாளும் பி.சி.ஆர். தாளும் வேறு வேறு விஷயங்களைச் சொல்கின்றன.

வாழ்நாள் முழுவதும் போட வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. உங்கள் கணவர் மனத்தில் அது கட்டாயம் இருக்கும். வாழ்நாள் முழுவதும் தேவைப்படாமலும் போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்க்கும் வழி இன்று உண்டு. அதற்கு அந்த எண் 0.01 அல்லது அதற்கும் கீழே இறங்கி, இரண்டு ஆண்டுகளாவது அங்கேயே நிற்க வேண்டும். மருந்து எடுத்த மொத்தக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள் என்று அமெரிக்க வழிகாட்டிகள் சொல்கின்றன. இமாட்டினிப்புக்கு ஐந்து ஆண்டுகள் என்பது ஐரோப்பிய வழிகாட்டிகளின் கணக்கு. நிறுத்திய முதல் ஆறு மாதங்களில் மாதந்தோறும் பி.சி.ஆர். பார்ப்பார்கள். அப்படி நிறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் தலைகாட்டுகிறது, பெரும்பாலும் அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே. சோதனையில் உடனே பிடித்துவிடுவதால், மறுபடி மருந்து தொடங்கியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது. மீதிப் பாதிப் பேர் மருந்தில்லாமல் வாழ்கிறார்கள். இந்த வாய்ப்பு உங்கள் கணவருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் ஒரே வழி, இப்போது ஒரு நாளும் விடாமல் போடுவதுதான்.

விடாமல் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2010-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், 87 நோயாளிகளின் மாத்திரைப் புட்டி மூடியில் சிறு மின்னணுக் கருவி வைத்து, எத்தனை முறை திறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஒழுங்காக எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆறு ஆண்டுகளில் உங்கள் கணவர் இப்போது இருக்கும் நிலையை எட்டினார்கள். அதற்குக் குறைவாக எடுத்தவர்களில் எட்டியது 100-க்கு 28 பேர் மட்டுமே. மாதத்தில் மூன்று மாத்திரைக்கு மேல் விட்டாலே இந்த இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறோம். மருந்தின் அளவு அரைகுறையாகி நோயணுக்கள் மீண்டும் பெருகத் தொடங்கினால், பெருகும் அணுக்களில் மரபணுப் பிழை ஏற்படவும் இடம் கிடைக்கிறது. ஏ.டி.பி. குழியின் வாசலில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால்கூட இமாட்டினிப் உள்ளே பொருந்தாமல் போகலாம். அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் கையில் நன்றாக வேலை செய்யும் மருந்தை இழந்துவிட்டு அங்கே போக வேண்டாம்.

இனி, முகம். கோயிலில் பேசுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறார்கள். இமாட்டினிப் பொருந்தும் குழி வேறு சில கைனேஸ்களிலும் இருக்கிறது. அவற்றில் ஒன்று கிட். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் இந்தக் கிட் வழியாகத்தான் செய்தி வாங்குகின்றன. அது அடைபட்டால் நிறமி குறையும். நம்மைப் போல் கருநிறம் கொண்டவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். ஆபத்து இல்லை, மருந்தை நிறுத்தினாலோ அளவு குறைந்தாலோ பெரும்பாலும் நிறம் திரும்பிவிடுகிறது. நிறமி குறைந்த தோலை வெயில் சீக்கிரம் சுடும் என்பதால், ஆலை வாசலில் குலை இறக்கக் காத்திருக்கும்போது தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லுங்கள். கண்ணைச் சுற்றிய வீக்கமும் இம்மருந்துக்கு வழக்கமானதே. காலையில் அதிகமாக இருக்கும், உப்பைக் குறைத்தால் கொஞ்சம் தணியும்.

ஆனால் வெளுப்பில் இன்னொரு வகை உண்டு. கண் இமையின் உள்பக்கமும் உள்ளங்கையும் வெளிறி, படியேறினால் மூச்சு வாங்கினால், அது ரத்தச்சோகையாக இருக்கலாம். இந்த மருந்தால் அதுவும் வரக்கூடும். ஹீமோகுளோபின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில நாள்களில் எடை திடீரென்று ஏறினாலோ, மூச்சுத் திணறினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். காலில் தசைப்பிடிப்பு வருகிறதா என்றும் கேளுங்கள். லாரி ஓட்டுகிறவருக்கு அது சிறிய விஷயம் இல்லை. ஆண்கள் இதைச் சொல்லாமல் மறைப்பதும் உண்டு.

பெலாலாய் காஜா நம் ஊரில் பல வீட்டு வாசலில் வளர்கிறது. புற்றுநோய் என்றால் யாராவது ஒரு கட்டு இலையோடு வந்துவிடுகிறார்கள், அன்பினால்தான் வருகிறார்கள். ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்த்த அணுக்கள்மேல் அதன் சாற்றை ஊற்றிப் பார்த்த சோதனைகள் உண்டு. ஆனால் சி.எம்.எல். நோயாளிகளிடம் அது இந்தக் கலப்புப் புரதத்தை அடக்கியதாக நிரூபணம் இல்லை. இமாட்டினிப்பின் இடத்தை அது நிரப்பாது. மருந்தோடு சேர்த்துக் குடிக்கலாமா என்றால், அதற்கும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இமாட்டினிப்பைக் கல்லீரலில் சிதைப்பது சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி. மூலிகையோ பழமோ அந்த நொதியைத் தூண்டினால் மருந்து சீக்கிரம் கரைந்துபோகும். தடுத்தால் அளவு கூடிப் பக்கவிளைவு கூடும். கிரேப்ஃபுரூட் தடுக்கிறது என்பது உறுதியாகத் தெரிந்தது. அதன் உறவுக்காரப் பழமான பொமேலோவிலும் அதே வகைப் பொருள்கள் உள்ளன. ஈப்போ போய் வரும் வழியில் தம்புன் பொமேலோ வாங்கும் பழக்கம் இருந்தால், பிள்ளைகள் சாப்பிடட்டும், அவர் தவிர்க்கட்டும். சாறு ஏற்கெனவே குடித்து வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

விரதம் இருக்கத் தடையில்லை. சைவ உணவுக்கும் இம்மருந்துக்கும் சண்டை கிடையாது. ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறார் என்றால் அந்த வேளைச் சாப்பாட்டோடு, பெரிய குவளை நிறையத் தண்ணீர் குடித்து மாத்திரையைப் போடலாம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால்தான் பலர் விரத நாளில் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். அலகு குத்திக்கொள்ளும் நேர்த்தி இருந்தால், அதற்கு முன் ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணு, வெள்ளணு இரண்டின் அளவையும் பார்த்து மருத்துவரின் சம்மதம் பெற வேண்டும். பால்குடம் எடுப்பதில் அந்தக் கவலை இல்லை.

பிள்ளைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். குரோமோசோம் உடைந்தது, அவர் வளர்ந்து பெரியவரான பிறகு, மஜ்ஜையின் ஓர் அணுவில். விந்தணுவில் அந்த மாற்றம் இல்லை. பரம்பரையாக வருவதில்லை, ஒட்டுவதும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதற்காகத் தனிச் சோதனை எதுவும் தேவையில்லை.

இன்னும் ஒன்று. ஈப்போவுக்குப் போய் மாத்திரை வாங்குவதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழப்பதும் மருந்து விடுபட ஒரு காரணமாக இருந்தால், மருந்தகக் கவுண்டரில் எஸ்.பி.யு.பி. என்று கேளுங்கள். தொடர் மருந்தை வீட்டுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. இம்மருந்தைச் சுங்கை சிப்புட்டிலேயே வாங்க முடியுமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். அடுத்த தேதிக்கு மாமாவையும் அழைத்துப் போங்கள். பழைய பி.சி.ஆர். தாள்களை எல்லாம் தேதி வாரியாக எடுத்து வைத்து, எண் எப்படி இறங்கி வந்திருக்கிறது என்று மருத்துவரே அவருக்குக் காட்டட்டும். விட்ட நாள்களுக்குப் பிறகு எடுக்கும் சோதனையில் எண் 0.1-ஐத் தாண்டியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.